கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் கனமான கசடை வெப்பத்தால் உடைக்கும்போது கோக் (திடக் கார்பன்) குறைந்து திரவ எரிபொருள் கூட என்ன செய்யலாம்?

கோக்கை முழுசாக ஒழிக்க முடியாது. கசடில் ஹைட்ரஜன் குறைவு, இருப்பதையும் லேசான எண்ணெய் எடுத்துக்கொண்டு போனால் மிச்சக் கார்பன் எங்காவது படிந்துதான் ஆக வேண்டும். டிலேய்ட் கோக்கரில் (கசடை உடைத்து, கோக்கைப் பெரிய டிரம்மில் படியவிடும் அமைப்பு) கசடை உலைக் குழாயில் சுமார் 500 டிகிரி செல்சியஸுக்கு விறுவிறுவெனச் சூடாக்கி, அங்கே தங்கவிடாமல் டிரம்முக்குத் தள்ளுகிறார்கள். வேகம் கூட்டக் கொஞ்சம் நீராவியும் விடுவார்கள். அப்படியும் அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி குழாயின் உள்சுவரில் கறுப்பாகப் பிடிக்கும், வெப்பம் எண்ணெய்க்குப் போகாமல் குழாய் உலோகமே அளவுக்கு மீறிச் சூடாகும்.

அப்புறம் டிரம் அழுத்தம். நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்: அழுத்தம் குறைந்தால் எண்ணெய் ஆவி சீக்கிரம் வெளியேறும், மேலும் உடைந்து வாயுவாகவோ கோக்காகவோ வீணாகாது. கனமான திரவத்தைத் திரும்ப உலைக்கே அனுப்பும் மறுசுழற்சியைக் குறைத்தாலும் திரவம் கூடும், ஆனால் கனமான கேஸ் ஆயிலின் (டீசலைவிடக் கனமான திரவம்) தரம் சற்றுக் கெடும்.