ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வலி மட்டும் போகவில்லையே!

கேள்வி: எனக்கு 42 வயது. இரண்டு வருடமாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று உடம்பெல்லாம் வலி. எட்டு மணி நேரம் படுத்தாலும் காலையில் அடித்துப் போட்டதுபோல இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். டாக்டர் ‘ஃபைப்ரோமயால்ஜியா’ என்கிறார். வீட்டிலோ ‘எல்லாம் மனப்பிரமை’ என்கிறார்கள். இது குணமாகுமா?

பதில்: உங்கள் வலி நிஜம் சகோதரி. அதில் சந்தேகமே வேண்டாம். இந்த நோயில் மூளையும் நரம்புகளும் வலியைக் கூட்டி உணர்கின்றன. சற்று அழுத்தித் தொட்டாலே வலிக்கும். எக்ஸ்ரேயில் இது தெரியாது. முன்பெல்லாம் உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலித்தால்தான் இந்த நோய் என்பார்கள். 2010-இல் வந்த புதிய வரையறையில் அந்தக் கணக்கு இல்லை. மூன்று மாதமாக நீடிக்கும் பரவலான வலி, அசதி, தூக்கம், மறதி பற்றிக் கேட்டே முடிவு செய்கிறார்கள். தைராய்டு குறைந்தாலும் இப்படி வலிக்கும். பார்க்கவில்லை என்றால் அதைப் பார்த்துவிடுங்கள்.

அடியோடு போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் நன்றாகக் குறைக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது, வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். மனச்சோர்வுக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின் போன்ற மாத்திரைகளை டாக்டர் எழுதினால், ‘மனநோய் மாத்திரை’ என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். வலிக்காகத்தான் தருகிறார்.

2016-இல் ஐரோப்பிய மூட்டுநோய் நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில் அழுத்தமாகப் பரிந்துரைத்த ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான். ஐந்து நிமிட நடையில் ஆரம்பியுங்கள். அது பழகிய பிறகு இரண்டு நிமிடம் கூட்டுங்கள். முதலில் வலி கொஞ்சம் கூடலாம், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

பலரும் சறுக்குவது வலி குறைந்த நாளில்தான். ஒட்டடை அடித்து, பெட்ஷீட் துவைத்து, மாவும் அரைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பார்கள். மறுநாள் படுக்கையைவிட்டு எழ முடியாது. தெம்பு இருக்கும்போதே பாதியில் நிறுத்தி உட்காருங்கள். துவைப்பது நாளைக்கு ஆகட்டும்.

தூக்கம் கெட்டால் வலி கூடும். தினமும் ஒரே நேரத்தில் படுங்கள், மாலை நான்கு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். குறட்டை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கவலையும் வலியைத் தூண்டும் என்பதால் கவுன்சலிங்கும் சிகிச்சையில் சேர்த்திதான்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும். மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கை கால் பலவீனம், இதில் எது வந்தாலும் ‘அதே வலிதானே’ என்று இருக்காமல் உடனே காட்டுங்கள்.