புகையைச் சீனிக்கு அல்ல, கிரீமுக்குக் கொடுங்கள்

கேள்வி: ஜிகர்தண்டாவின் மேல் ஊற்றுவதற்குப் புகை மணமுள்ள கேரமல் சாஸ் செய்து பார்க்கிறேன். சீனியை நன்றாகக் கருகவிட்டும் கசப்புதான் வருகிறது, புகை மணம் வருவதில்லை. எங்கே தவறுகிறேன்? – வாசகி, அனுப்பானடி, மதுரை

சகோதரி, சீனியைக் கருக்கினால் தீய்ந்த வாடைதான் வரும். புகை மணம் வேறு. அதற்குக் கங்கு வேண்டும். அந்தப் புகையையும் கிரீமில்தான் ஏற்ற வேண்டும். மணம் தரும் பொருள்கள் கொழுப்பில் எளிதாகக் கரைந்து தங்கிவிடும்.

இஸ்திரி போடுபவரிடம் இரண்டு துண்டு கொட்டாங்கச்சிக் கரி கேட்டு வாங்குங்கள். இடுக்கியால் பிடித்து அடுப்பில் காட்டுங்கள். கறுப்பே தெரியாமல் முழுதும் சிவந்து, மேலே மெல்லிய சாம்பல் பூக்க வேண்டும். அரைகுறையாகப் பற்றிய கரி தொண்டையைக் கமறச் செய்யும் புகையைத் தரும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 150 மில்லி குளிர்ந்த கிரீமை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, நடுவில் சிறு எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, கங்கை அதில் போடுங்கள். கங்கின் மேல் நாலு சொட்டு நெய், அதற்கு மேல் வேண்டாம். குப்பென்று வெள்ளைப் புகை எழும். உடனே இறுக மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். பிறகு ஒரு சொட்டு நக்கிப் பாருங்கள். மணம் போதவில்லையென்றால் புதுக் கங்கு வைத்து இன்னொரு முறை மூடுங்கள்.

இனி சீனி. வெள்ளைச் சீனி 200 கிராம், தண்ணீர் 50 மில்லி, எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. சாறு சேர்த்தால் சீனி மறுபடி பூத்துக் கட்டியாகாது. உள்ளே பளபளவென்று இருக்கும் ஆழமான பாத்திரம் நல்லது. கறுப்புப் பாத்திரத்தில் நிறம் தெரியாது. கொதி வந்தபின் கரண்டியை உள்ளே விட்டுக் கிளறாதீர்கள், பாத்திரத்தைச் சுழற்றினால் போதும். 160 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் நிறம் வேகமாக மாறும். தேன் நிறம் கடந்து, துலக்கிய செம்புக் குடத்தின் நிறம் வந்ததும் அடுப்பை அணையுங்கள். பாத்திரத்தின் சூடே இன்னும் கொஞ்சம் நிறம் ஏற்றும். புகை ஏற்றிய கிரீமை வெதுவெதுப்பாக்கி, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பொங்கி எழும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், குழந்தைகள் அருகில் வேண்டாம். சீனிப்பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். கடைசியாக 50 கிராம் வெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு.

கருப்பட்டியில் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். விறகடுப்பில் பதநீரைக் காய்ச்சுவதால் அதற்கே ஒரு புகைவாசம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஆனால் அதைச் சீனியைப் போல உருக்கினால் சீக்கிரம் தீய்ந்துவிடும். ஒரு கைப்பிடியளவு தட்டிப்போட்டு, சிறிது தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, சாஸ் ஆறியபின் கலந்துகொள்ளுங்கள். சூட்டோடு சேர்த்தால் கிரீம் திரியக்கூடும்.

ஜிகர்தண்டாவில் நன்னாரி சர்பத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, ஐஸ்கிரீமின் மேல் ஒரு கரண்டி மட்டும் ஊற்றுங்கள். இரண்டும் சேர்ந்தால் இனிப்பு திகட்டிவிடும்.