டேப்பின் முதல் பத்து சென்டிமீட்டர்

அன்புள்ள ஐயா,

என் மகள் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் புதிதாக வடிவமைக்கும்படி ஐந்து பேர் கொண்ட குழுவிடம் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை அறை, என்ன அளவு என்று எதுவும் சொல்லவில்லை. கேட்டால், "போய் உட்கார்ந்து பாருங்கள்" என்கிறாராம் ஆசிரியர். வேலை செய்வது இருவர், மதிப்பெண் ஐவருக்கும். பாடம் நடத்தாமல் இப்படி விடுவதற்கா கட்டணம் கட்டுகிறோம்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மதிப்பெண் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. ஜூரியில், அதாவது ஆசிரியர்கள் மாணவர்களின் வரைபடங்களைப் பார்த்துக் கேள்வி கேட்கும் மதிப்பீட்டில், ஐவரையும் தனித்தனியே நிறுத்தி, "இந்தச் சுவர் ஏன் இங்கே?" என்று கேட்டால் யார் உழைத்தார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்காமல் விடுவது ஆசிரியர்களாகிய எங்கள் சோம்பல். நானும் சோம்பியிருக்கிறேன்.

அறைப் பட்டியல் தராததைக் குறை சொல்ல மாட்டேன். தந்தால் பிள்ளைகள் பெட்டிகளை அடுக்கிக் கொண்டுவந்துவிடுவார்கள். காலை எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தால்தான், சீட்டு வாங்கும் வரிசையும் மாத்திரை வாங்கும் வரிசையும் ஒரே தாழ்வாரத்தில் முட்டிக்கொள்வதும், தடுப்பூசிக்கு வந்த தாய் கைக்குழந்தையோடு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவதும் கண்ணில் படும். எந்தப் பட்டியலிலும் அந்த மரத்தடி இருக்காது.

சரி, ஐந்து பேர் எதற்கு? நான் மாணவனாக இருந்தபோது, செட்டிநாட்டில் ஒரு வீட்டை அளந்து வரையப் போனோம். எங்கள் டேப்பின் நுனி பிய்ந்திருந்தது. அதனால் பத்து சென்டிமீட்டர் கோட்டிலிருந்து பிடித்து அளந்தோம். படித்துச் சொன்னவன் பத்தைக் கழித்தே சொன்னான். குறித்துக்கொண்ட நான், அவன் கழிக்கவில்லை என்று நினைத்து மறுபடி கழித்தேன். வெளி நீளத்தை வேறு டேப்பால் அளந்திருந்தோம். விடுதிக்குத் திரும்பி வரைந்தால், வரிசையாக ஆறு அறைகளில் வீடு அறுபது சென்டிமீட்டர் குறைந்திருந்தது! இரவு பதினோரு மணிவரை சண்டை. இரண்டு பேரும் கவனமாகத்தான் வேலை செய்திருந்தோம், வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை என்பது சண்டையின் முடிவில்தான் புரிந்தது. தனியாக வரைகிறவனுக்கு 'எனக்குப் பிடித்தது' என்ற ஒரு காரணம் போதும். பக்கத்தில் நாலு பேர் இருந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைஞர் சார்லஸ் மூர் 1967இல் தொடங்கிவைத்த பயிற்சி இதை இன்னும் தூரம் கொண்டுபோகிறது. முதுகலை முதலாண்டு மாணவர்கள் ஒரு கட்டடத்தை வடிவமைத்துத் தாங்களே கட்டுகிறார்கள். முதலில் கட்டியது கென்டக்கியின் நியூ சயான் என்ற சிற்றூரில் ஒரு சமூகக்கூடம். வடிவங்கள் பல வரும், தேர்வாவது ஒன்றுதான். தன் வடிவம் தோற்றவரும் சுத்தியலோடு வந்து, அடுத்தவர் வரைந்த சுவருக்கு ஆணியடிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

உங்கள் மகளின் குழுவில் வேலை செய்யாத அந்த மூவரைப் பற்றி ஒன்று. சும்மா இருப்பவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். வேகமாக வரைகிற இருவர் மற்றவர்கள் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. உங்கள் மகள் எப்படி என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கள்.