வாசகர் கேள்வி பதில்: டிக் செய்யாத கட்டம் எங்கே போகிறது?

கேள்வி: பிஎச்பி என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் டியூஷன் சென்டருக்காக ஒரு வருகைப் பதிவுப் பக்கம் எழுதினேன். ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் எதிரே அவருடைய எண்ணை வைத்திருக்கும், திரையில் தெரியாத ஒரு ஹிட்டன் புலம், ஒரு செக்பாக்ஸ், குறிப்பு எழுத ஒரு சிறு பெட்டி ஆகியவை உள்ளன. வந்தவர்களுக்கு மட்டும் டிக் செய்து சேமித்தால், வராத சிலர் வந்ததாகவும் வந்த சிலர் வராததாகவும் பதிவாகிறது. 'அன்டிஃபைன்ட் அரே கீ' என்ற எச்சரிக்கையும் தோன்றுகிறது. எல்லாருக்கும் டிக் செய்தால் மட்டும் ஒரு பிழையும் இல்லை. டிக் செய்யாத கட்டத்தின் மதிப்பை எப்படிப் பெறுவது?
— வாசகர், நாமக்கல்

பதில்: பெற முடியாது, ஏனென்றால் அது அனுப்பப்படுவதே இல்லை. படிவத்தைச் சமர்ப்பிக்கும்போது, டிக் செய்யப்பட்ட செக்பாக்ஸின் பெயரையும் மதிப்பையும் மட்டுமே பிரவுசர் சர்வருக்கு அனுப்புகிறது. டிக் செய்யாதவற்றை 0 என்றோ வெற்றுச் சொல்லாகவோ அல்ல, அடியோடு விட்டுவிடுகிறது. இது பிஎச்பியின் குறையும் அன்று, பிரவுசரின் கோளாறும் அன்று. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின், 1995இல் வெளியான 2.0 பதிப்பின் காலத்திலிருந்தே இதுதான் விதி. நேரில் பார்க்க விரும்பினால், பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு படிவத்தைச் சமர்ப்பியுங்கள். அனுப்பப்பட்ட தரவுப் பட்டியலில் குறிப்புப் பெட்டிகள், காலியாக இருப்பவை உட்பட, எல்லாமே இருக்கும். டிக் இல்லாத கட்டங்கள் மட்டும் இருக்காது.

வகுப்பில் ஆசிரியர் வருகை எடுப்பதை நினைத்துப் பாருங்கள். வராத மாணவன் எழுந்து நின்று "நான் வரவில்லை, ஐயா" என்று சொல்வதில்லை. ஆசிரியர் கையில் பதிவேடு இருப்பதால்தான், பதில் வராத பெயருக்கு எதிரே 'ஆப்சென்ட்' என்று அவரால் எழுத முடிகிறது. உங்கள் நிரலோ பதிவேட்டைப் பார்க்காமல், வந்த குரல்களை எண்ணி வருகை போட முயல்கிறது.

வருகை இடம் மாறிப் பதிவாவது எப்படி என்பதையும் பார்த்துவிடுவோம். 11 முதல் 15 வரை எண்ணுள்ள ஐந்து மாணவர்கள் இருப்பதாகவும், 11, 13, 14 ஆகிய மூவர் வந்ததாகவும் வைத்துக்கொள்வோம். செக்பாக்ஸ்களுக்கெல்லாம் 'வருகை[]' என்று வெற்று அடைப்புக்குறியோடு பெயர் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் ஹிட்டன் புலங்கள் அனுப்பும் எண்களின் அணியில் (அரே, அதாவது மதிப்புகளின் வரிசைப் பட்டியலில்) ஐந்து உறுப்புகள் வரும். வருகை அணியில் மூன்றுதான் வரும், அவற்றுக்கும் பிஎச்பி 0, 1, 2 என்று தானாக வரிசை எண் இட்டுவிடும். நிரல் இரண்டு அணிகளையும் ஒரே வரிசை எண்ணால் படிக்கும்போது முதல் மூவராகிய 11, 12, 13 ஆகியோர் வந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். வராத 12க்கு வருகை கிடைக்கிறது, வந்த 14க்குக் கிடைக்கவில்லை. வரிசை எண் 3, 4 ஆகிய இடங்களில் வருகை அணியில் ஒன்றுமே இல்லாததால் நீங்கள் கண்ட எச்சரிக்கை எழுகிறது. 2020இல் வந்த பிஎச்பி 8.0 முதல்தான் இது 'வார்னிங்' நிலைக்கு உயர்ந்தது. அதற்கு முன் வெறும் 'நோட்டீஸ்' என்பதால் பலர் அதைத் திரையில் காட்டாமல் மறைத்துவிட்டு, தவறான வருகையோடு நிம்மதியாக இருந்தார்கள். எச்சரிக்கையை அடக்குவதை நீங்களும் தீர்வாகக் கொள்ள வேண்டாம்.

செய்ய வேண்டியது இரண்டு. அடைப்புக்குறியைக் காலியாக விடாமல், 'வருகை[11]', 'வருகை[12]' என்று மாணவரின் எண்ணையே அதற்குள் எழுதுங்கள். குறிப்புப் பெட்டிகளுக்கும் அவ்வாறே. பிறகு, வந்த தரவின் மீது சுழற்சி (லூப்) ஓட்டாமல், தரவுத்தளத்திலிருந்து மாணவர் பட்டியலை எடுத்து அதன் மீது ஓட்டுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும், வருகை அணியில் அந்த எண் இருக்கிறதா என்று 'இஸ்செட்' மூலம் கேட்டு, இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று எழுதினால் போதும். ஒருவர்கூட வராத நாளில் வருகை என்ற அணியே வந்து சேராது. அப்போதும் இஸ்செட் எச்சரிக்கை எதுவும் எழுப்பாமல் 'இல்லை' என்றே விடை தரும். சேமிக்கும்போது அந்த 0 என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். வருகை என்ற நெடுவரிசைக்குத் தரவுத்தளத்தில் இயல்பு மதிப்பாக 1 கொடுத்திருந்து, டிக் இல்லாதவர்களுக்கு அதை நிரப்பாமல் விட்டால், அவர்கள் எல்லாரும் வந்தவர்களாகிவிடுவார்கள்.

பட்டியல் நீளமாகி, பக்கத்துக்கு இருபது பேர் என்று பிரித்துக் காட்டத் தொடங்கினால் இன்னொரு சிக்கல் எழும். முழுப் பட்டியலின் மீதும் சுழற்சி ஓட்டினால், திரையில் காட்டப்படாத மாணவர்களும் வராதவர்களாகப் பதிவாவார்கள். டிக் செய்யப்படாததும் கேட்கப்படாததும் சர்வருக்கு ஒன்றுபோலவே தெரியும். எனவே அந்தப் பக்கத்தில் யார் யாரைக் காட்டினீர்கள் என்பதை, நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் ஹிட்டன் எண்களைக் கொண்டு அறிந்து, அவர்களுக்கு மட்டும் எழுதுங்கள். ஹிட்டன் புலத்தை எவர் வேண்டுமானாலும் பிரவுசரில் மாற்றி அனுப்பலாம் என்பதால், அந்த எண்கள் உங்கள் சென்டரின் மாணவர்களுடையவைதாமா என்று தரவுத்தளத்தில் சரிபார்த்த பின்பே எழுதுங்கள்.

இணையத்தில் தேடியிருந்தால் வேறொரு உத்தியையும் கண்டிருப்பீர்கள்: செக்பாக்ஸுக்கு முன்னால் அதே பெயரில் 0 என்ற மதிப்புடன் ஒரு ஹிட்டன் புலம் வைப்பது. ஒரே பெயரில் இரண்டு மதிப்புகள் வந்தால் பிஎச்பி கடைசியாக வந்ததை வைத்துக்கொள்ளும் என்பதால், டிக் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 கிடைக்கும். ரூபி மொழியின் வலைக் கட்டமைப்பான ரூபி ஆன் ரெயில்ஸ் இதைத் தானாகவே செய்து தருகிறது. ஆயினும் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. இந்த உத்தியைச் சேர்த்த பின்னும் பழைய இஸ்செட் சோதனையை அப்படியே விட்டுவைத்தால், ஏதோ ஒரு மதிப்பு எப்போதும் வருவதால் எல்லாரும் வந்தவர்கள் ஆவார்கள். அங்கே பார்க்க வேண்டியது மதிப்பை. வெற்று அடைப்புக்குறிப் பெயரோடு இதைச் சேர்த்தாலோ, டிக் செய்த ஒவ்வொருவருக்கும் இரண்டு உறுப்புகள் வந்து வரிசை இன்னும் குழம்பும். பைத்தான் மொழியின் ஃபிளாஸ்க் போன்ற வலைக் கட்டமைப்புகள் முதலில் வந்த மதிப்பை எடுக்கும் என்பதால், ஓரிடத்தில் கற்ற வரிசை மற்றோரிடத்தில் எல்லாரையும் ஆப்சென்ட் ஆக்கிவிடும்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் செக்பாக்ஸின் 'வேல்யூ' என்ன என்று கேட்டால், டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'ஆன்' என்றே வருகிறது. ஏன்?
— வாசகி, விருதுநகர்

பதில்: 'டிக் செய்தால் எதை அனுப்ப வேண்டும்' என்பதற்கான விடைதான் வேல்யூ, டிக் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. நீங்கள் மதிப்பு எதுவும் தராததால் பிரவுசர் 'ஆன்' என்ற இயல்பு மதிப்பை வைத்துக்கொள்கிறது. நிலையை அறிய 'செக்ட்' என்ற பண்பைக் கேளுங்கள். ட்ரூ அல்லது ஃபால்ஸ் கிடைக்கும். படிவத் தரவைத் தானாகத் தொகுக்கும் ஃபார்ம்டேட்டா வழியாக அனுப்பினால் மேலே சொன்ன விதியே பொருந்தும், டிக் இல்லாதது போகாது. ஜேசன் என்ற தரவு வடிவில் நீங்களே தொகுத்து அனுப்பினால், செக்ட் பண்பின் ஃபால்ஸ் மதிப்பையும் சேர்த்தே அனுப்பலாம்.

கேள்வி: கட்டணம் செலுத்தியவர்களுக்கான செக்பாக்ஸை டிக் செய்து, யாரும் மாற்ற முடியாதபடி 'டிஸேபிள்ட்' ஆக்கினேன். சேமித்தபின் அந்த டிக் மறைந்துவிடுகிறது. என்ன காரணம்?
— வாசகர், தென்காசி

பதில்: டிஸேபிள்ட் ஆக்கிய புலம் எதுவும், டிக் இருந்தாலும், அனுப்பப்படாது. உங்கள் நிரல் அதை 'டிக் இல்லை' என்று எடுத்துக்கொண்டு 0 எழுதுகிறது. 'ரீட்ஒன்லி' என்ற பண்பு செக்பாக்ஸுக்குப் பொருந்தாது என்பதால் அதை முயல வேண்டாம். படிவத்தில் மாற்ற முடியாத தகவலைப் படிவத்திலிருந்து பெறவும் வேண்டியதில்லை. சேமிக்கும் நிரலில் கட்டண நெடுவரிசையைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.