மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீதிபதி யார்?

அன்புள்ள அக்கா,

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகனுக்கு 24 வயது. முழங்கால் ஆபரேஷனுக்குக் கொடுத்த வலி மாத்திரையில் ஆரம்பித்து ஹெராயின் வரை போய்விட்டான். இப்போது வழக்கு. சிறைக்குப் பதிலாக ஆறு மாதம் ஓர் இல்லத்தில் தங்கிச் சிகிச்சை, மொத்தம் ஐந்து வருடம் கோர்ட் கண்காணிப்பு என்கிறார் வக்கீல். ஹெராயின் ஏக்கத்தை அடக்க டாக்டர் கொடுத்த ப்யூப்ரனார்ஃபின் மாத்திரையில் சில மாதங்களாக நன்றாக இருக்கிறான். அதை விட்டால்தான் சேர்ப்போம் என்கிறதாம் அந்த இல்லம். உள்ளே போய் வந்தால்தான் புத்தி வரும் என்கிறார் அக்கா வீட்டுக்காரர். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. ஒப்புக்கொள்ளலாமா? கோர்ட் மிரட்டி ஒருவன் திருந்துவானா?

சுமதி

அன்புள்ள சுமதி,

ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள், ஆனால் மாத்திரையோடு. உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே பெரிய விஷயம் அந்த மாத்திரைதான். நீங்களோ அதைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, மிரட்டலைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

மிரட்டினால் திருந்துவானா என்பதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1989இல் மயாமியில் கொக்கெய்ன் வழக்குகள் குவிந்து, பிடிபட்டவர்களே திரும்பத் திரும்பப் பிடிபட்டு வந்தபோதுதான் அமெரிக்காவின் முதல் போதை நீதிமன்றம், அதாவது சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பிக் கண்காணிக்கிற கோர்ட், தொடங்கியது. இப்போது 3,000க்கும் மேல் இருக்கின்றன. அங்கே வேலை செய்வது பயம் மட்டும் இல்லை. ஒரே நீதிபதி, அவனுடைய பெயரும் கதையும் தெரிந்தவர், வாரா வாரமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ அவனைக் கூப்பிட்டுப் பேசுகிறார். நம் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் அப்பாக்கள் அப்படிப் பேசியிருக்கிறார்கள்?

சில வருடங்களுக்கு முன் அமெரிக்கா வந்திருந்தபோது அப்படி ஒரு நீதிமன்றத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. மெக்கானிக் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒருவனிடம் நீதிபதி, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா என்று கேட்டார். அவன் தலையை ஆட்டினான், நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து வந்தவள் சிறுநீர்ச் சோதனைக்கு வரத் தவறியவள். கையில் விலங்கு மாட்டி ஜூரிகள் உட்காரும் வரிசையில் உட்கார வைத்தார்கள், இரண்டு நாள் உள்ளே. சரி, அதுகூட எனக்குப் புரிந்தது.

மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவளும் ப்யூப்ரனார்ஃபின்காரிதான். நீதிபதி கோப்பைப் புரட்டிவிட்டு, "எவ்வளவுக்கு இறங்கியிருக்கிறாய்?" என்றார். பாதியாகக் குறைத்துவிட்டேன் என்றாள். பட்டமளிப்புக்குள், அதாவது கோர்ட் கண்காணிப்பை முடித்து வெளியேறும் நாளுக்குள், பூஜ்யத்துக்கு வந்துவிட வேண்டும் என்று சிரித்தபடி சொன்னார், அதற்கும் கைதட்டல். அவள் சிரிக்கவில்லை, ஸ்வெட்டர் கைகளை விரல்வரை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள். யார் இவர்? சட்டம் படித்தவர். நல்ல மனிதர், அது பார்த்தாலே தெரிந்தது. ஆனால் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த அளவைக் குறை என்று சொல்ல இவருக்கு என்ன தகுதி? வெளியே வந்தபிறகும் கோபம் அடங்கவில்லை, இன்றைக்கும் அடங்கவில்லை.

சுமதி, இதைப் பொறுமையாகப் படியுங்கள். ப்யூப்ரனார்ஃபினும் ஓப்பியாய்டுதான், ஹெராயினைப் போல அபின் வகையைச் சேர்ந்தது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் அதன் வேகம் ஏறாது. அது உடம்பில் இருக்கும்வரை ஏக்கம் அடங்கியிருக்கும், மேலே ஹெராயின் போட்டாலும் பெரும்பாலும் ஏறாது. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதை" என்று அந்த இல்லத்தார் சொல்வார்கள், அக்கா வீட்டுக்காரரும் சொல்வார், காதில் வாங்காதீர்கள். மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் உள்ளே வைத்தால் என்ன நடக்கும்? உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்துவிடும், ஆசை போகாது. வெளியே வந்து ஒரே ஒருநாள் சறுக்கி, பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்தவர்களைப் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் இரண்டு வாரத்தில் போதைமருந்து மிகையாகிச் சாகும் அபாயம் மற்ற ஜனங்களைவிட அவர்களுக்கு 129 மடங்கு. அது சிறைக் கணக்கு. ஆனால் மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு ஆறு மாதம் பூட்டிவைக்கிற இல்லத்துக்கும் சிறைக்கும் அந்த உடம்பைப் பொறுத்தவரை என்ன வித்தியாசம்? கொல்லைப்புறத்தில் பூச்செடி இருக்கும், அவ்வளவுதான்.

நான் ஏதோ ஆவேசத்தில் பேசுவதாக நினைக்க வேண்டாம். உங்கள் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில், டாக்டர் எழுதிக்கொடுத்த இதே மருந்துகளைச் சில நீதிமன்றங்கள் தடுத்தன என்று 2022இல் மத்திய அரசின் நீதித்துறையே வழக்குப் போட்டது. ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் கீழ் போட்ட வழக்கு, 2024இல் சமரசத்தில் முடிந்தது. வக்கீலிடம் இதைச் சொல்லி, மாத்திரை தொடர்வதற்கு ஏற்பாடு உள்ள இல்லம்தான் வேண்டும் என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். இது சலுகை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்கட்டும்: நடுவில் சறுக்கினால் என்ன தண்டனை? குற்றத்தை ஒப்புக்கொண்டு உள்ளே போகிறவன் தோற்றுவிட்டால் வாதாட எதுவும் மிச்சம் இருக்காது.

புத்தி வரட்டும் என்கிற பேச்சுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. ஊரில் சொல்லலாமா என்பது அக்காவின் இஷ்டம். ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு அவனைப் பார்க்கப் போகாமல் இருந்தீர்கள் என்றால் உங்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். உங்களை நம்பித்தான் அந்தப் பிள்ளை இருக்கிறான், இல்லாவிட்டால் இவ்வளவு விவரம் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம், ஹெராயின் மிகையாகி மூச்சு நிற்கும்போது அதை முறிக்கிற நலோக்ஸோன் மூக்கு ஸ்ப்ரே 2023 முதல் அங்கே சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கிறது. இன்றைக்கே இரண்டு வாங்கி ஒன்றை அக்கா வீட்டில் வையுங்கள். எப்படி அடிப்பது என்று அக்கா வீட்டுக்காரருக்கும் கற்றுக்கொடுங்கள்.