ஜூலியோ சேசரே: 13 பீரங்கிகளோடு பிறந்த போர்க்கப்பல்

இத்தாலியக் கடற்படையின் ஜூலியோ சேசரே, 1910இல் ஜெனோவாவில் கட்டத் தொடங்கி 1914 மே மாதம் பணிக்கு வந்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: 13 பெரிய பீரங்கிகள் என்று படித்தேன். ஒற்றைப்படையில் எப்படி வரும்?

சுழலும் பீரங்கிக் கூண்டுகள் ஐந்து. முன்னால், நடுவில், பின்னால் உள்ள மூன்றிலும் மும்மூன்று பீரங்கிகள். முன், பின் கூண்டுகளைத் தாண்டிச் சுடும்படி உயரத்தில் அமைத்த மற்ற இரண்டில் இரண்டிரண்டுதான். அவ்வளவு உயரத்தில் மூன்றை வைத்தால் கப்பலின் மேல்பக்க எடை கூடி நிலைதடுமாறும். ஆக 9 + 4. அனைத்தும் 305 மி.மீ. குழல்கள்.

கேள்வி: முதல் உலகப் போரில் என்ன சாதித்தது?

எதிரிப் போர்க்கப்பல் எதனோடும் மோதவில்லை. கண்ணிவெடிகளும் நீர்மூழ்கிகளும் மலிந்த குறுகிய அட்ரியாடிக் கடலில் பெரிய கப்பல்களை இறக்க இரு தரப்பும் தயங்கின.

கேள்வி: 1930களில் "புதுப்பித்தார்கள்" என்கிறார்களே, எந்த அளவுக்கு?

பழைய கப்பலில் பாதிகூட மிஞ்சவில்லை. 1933 முதல் 1937 வரை வேலை நடந்தது. நடுக் கூண்டைத் தூக்கிவிட்டார்கள். பழைய அணியத்தின் (கப்பலின் முன்முனை) மேலேயே புது அணியம் கட்டி, கப்பலைச் சுமார் 10 மீட்டர் நீட்டினார்கள். கப்பலை உந்தும் நான்கு சுழலிகள் இரண்டாயின. புதிய டர்பைன்களும் எட்டுக் கொதிகலன்களும் வந்ததால், 21 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்துக்குச் சற்று மேல் ஓடியது 28 நாட் வேகத்தை எட்டியது.

எஞ்சிய பத்துப் பீரங்கிகளின் குழல்களை உள்ளே குடைந்து 320 மி.மீ. ஆக்கினார்கள். குண்டின் எடை கூடியது. ஆனால் குழலின் சுவர் மெலிந்தது. என் கணிப்பில் மொத்தப் புதுப்பிப்பும் வேகத்தை வாங்கிய வேலை, பாதுகாப்பை அல்ல. பக்கவாட்டுக் கவசப்பட்டை அதே 250 மி.மீ. தான். நீருக்கடியில் பொறியாளர் புல்யேசேயின் முறைப்படி, திரவம் நிறைந்த அறைக்குள் வெற்று உருளை ஒன்றை வைத்தார்கள். வெடியின் வேகத்தை அந்த உருளை நசுங்கி வாங்கிக்கொள்ள வேண்டும். அதே ஏற்பாடு இருந்த சகோதரக் கப்பல் கோன்டே டி காவூர், 1940 நவம்பரில் தாரந்தோ துறைமுகத்தில் ஒரே டார்பிடோவில் (நீருக்கடியில் பாயும் குண்டு) தரைதட்டியது.

கேள்வி: தெற்கு இத்தாலிக் கரைக்கு அப்பால் நடந்த புன்டா ஸ்டிலோ கடற்சண்டையில் அடிபட்டது இதுதானே?

ஆமாம். 1940 ஜூலை 9 அன்று, அட்மிரல் கம்பியோனியின் தலைமைக் கப்பல் இது. பிரிட்டனின் போர்க்கப்பல் வார்ஸ்பைட் சுமார் 24 கிலோமீட்டர் தொலைவிலிருந்து சுட்ட குண்டு, பின் புகைபோக்கி அருகே வெடித்தது. ஓடும் கப்பலிலிருந்து ஓடும் கப்பலை அவ்வளவு தொலைவில் தொட்டதை இன்றும் வியந்து பேசுகிறார்கள். இயந்திரங்களைக் குண்டு நேரடியாகத் தொடவில்லை. தீயின் புகையைக் காற்றுக் குழாய்கள் உறிஞ்சிக் கொதிகலன் அறைகளுக்குள் இறக்கிவிட்டன. ஆட்கள் வெளியேற வேண்டியதாயிற்று. கொதிகலன்களில் பாதி நின்று, வேகம் 18 நாட் அளவுக்குச் சரிந்தது.

கேள்வி: ரஷ்யர்கள் கைக்குப் போனது எப்படி? வெடித்தது எதனால்?

போர் ஈடாக 1949இல் சோவியத் யூனியனுக்குக் கொடுக்கப்பட்டு, நோவோரோசிஸ்க் என்று பெயர் மாறியது. 1955 அக்டோபர் 29 அதிகாலை 1.30 மணிக்கு, கருங்கடலின் செவஸ்தபோல் துறைமுகத்தில் கப்பலின் அணியத்துக்கு அடியில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. ஆழம் குறைவு, தரைதட்டி நிற்கும் என்று நம்பி, மாலுமிகளை உடனே வெளியேற்றவில்லை. ஆனால் அடியில் இருந்தது பாறையல்ல, ஆழமான சேறு. மூன்று மணி நேரத்துக்குள் கப்பல் கவிழ்ந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் கவிழ்ந்த கூட்டுக்குள் சிக்கியவர்கள். அந்த உயிர்களில் பெரும்பகுதி வெடியால் போனதல்ல, தாமதத்தால் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இத்தாலிய முக்குளிப்பு வீரர்களின் சதி என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. சோவியத் விசாரணைக் குழு கைகாட்டியது, போர்க்காலத்தில் ஜெர்மானியர் கடலடியில் விட்டுச்சென்ற கண்ணிவெடியை. சோவியத் கடற்படைத் தலைவர் குஸ்நெத்சோவ் பதவியிழந்தார். கப்பலை 1957இல் மேலே தூக்கி, உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள்.