குகையை அளந்து மேப் போட எந்த மென்பொருள் நல்லது? இலவசமாக ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. குகைக்குள் போனில் குறித்துக்கொள்ள டோபோட்ராய்டு, வெளியே வந்து கணக்குப் போட சர்வெக்ஸ், படம் வரைய தீரியன். மூன்றுக்கும் ஒரு பைசா செலவில்லை. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். ஆனால் "எது நல்லது" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு என்னுடைய 9 மீட்டர் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் சர்வேயர். ரோடு வேலைக்காக ஷில்லாங்கில் நாலு வருஷம் இருந்தேன். நம்மூரில் குகை என்றால் சமணர் படுக்கை, இல்லாவிட்டால் பாறையைக் குடைந்து உட்கார்ந்திருக்கும் ஒரு சிவன். டார்ச் இல்லாமலே பார்த்துவிட்டு வெளியே வந்து டீ குடிக்கலாம். மேகாலயா அப்படி இல்லை. அங்கே சுண்ணாம்புப் பாறையை மழைத்தண்ணீர் கரைத்துக் கரைத்து மலைக்குள் தெருத்தெருவாக வழி போட்டிருக்கிறது. கிரெம் லியாத் ப்ரா 30 கிலோமீட்டருக்கு மேல் நீளம். மணற்கல்லில் உருவான கிரெம் பூரி மட்டும் 24.5 கிலோமீட்டர். (காசி மொழியில் 'கிரெம்' என்றால் குகை.) சோரா பக்கத்தில், அதாவது நாம் சிரபுஞ்சி என்று படித்த ஊர்ப் பக்கத்தில், வார இறுதிகளில் குகைக்குள் போகும் ஒரு சின்னக் குழுவோடு நானும் சேர்ந்துகொண்டேன். சர்வேயர் என்று தெரிந்ததும் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

உள்ளே ஜிபிஎஸ் எடுக்காது. இடுப்பளவு தண்ணீரில் ஊர்ந்து போகிற இடத்துக்கு முக்காலியில் நிறுத்தி அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. ஆகவே பழைய முறைதான். சுவரில் ஒரு புள்ளி, அங்கிருந்து கண்ணுக்கு எட்டுகிற அடுத்த புள்ளி. இரண்டுக்கும் நடுவே தூரம், காம்பஸ் கோணம், மேலேறுகிறதா கீழிறங்குகிறதா என்ற சாய்வு. இந்த மூன்று எண்கள்தான் குகை மேப்புக்கு அஸ்திவாரம். கூடவே ஒருவர் சுவர், பாறை, தண்ணீர், தொங்கும் சுண்ணாம்பு விழுது எல்லாவற்றையும் கையால் ஸ்கெட்ச் போட்டுக்கொண்டே வருவார்.

பிப்ரவரி மாதம். ஒரு வழியாக உள்ளே போய் வேறு வழியாகச் சுற்றி, கிளம்பிய புள்ளிக்கே வந்து சேர்ந்தோம். மொத்தம் 412 மீட்டர். ராத்திரி அறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை சர்வெக்ஸில் ஏற்றினேன். சர்வெக்ஸுக்குக் கொடுப்பது வெறும் டெக்ஸ்ட் ஃபைல். ஒரு வரி இப்படி இருக்கும்:

12 13 14.60 137 -04

12ஆம் புள்ளியிலிருந்து 13ஆம் புள்ளிக்கு 14.60 மீட்டர், காம்பஸ் 137 டிகிரி, 4 டிகிரி இறக்கம். அவ்வளவுதான்.

சுற்று மூடவில்லை. கணக்கில் கடைசிப் புள்ளி, கிளம்பிய புள்ளிக்கு வந்து சேரவில்லை. 9 மீட்டர் இடைவெளி. இரண்டு சதவீதத்துக்கு மேல். ரோடு வேலையில் இப்படிக் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்ஜினியர் நோட்டை மூஞ்சியில் எறிவார்.

இங்கேதான் மென்பொருள் விஷயம் வருகிறது. சர்வெக்ஸ் இந்த 9 மீட்டரை எல்லாக் கால்களுக்கும் (ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி வரை ஒரு கால்) கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்து, சுற்றை அழகாக மூடிக் காட்டிவிடும். காம்பஸைப் படிக்கும்போது அரை டிகிரி இந்தப் பக்கம், அரை டிகிரி அந்தப் பக்கம் என்று வருகிற சில்லறைப் பிழைகளுக்கு இது சரியான வைத்தியம். எங்கோ ஒரே இடத்தில் பெரிய தப்பு நடந்திருந்தால், இதே வைத்தியம் நல்ல அளவுகளையும் சேர்த்துக் கெடுக்கும். நல்லவேளையாக சர்வெக்ஸ் தப்பை மூடி மறைப்பதில்லை. ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு தப்பியது என்று தனி ஃபைலில் எழுதி வைக்கும். அதோடு வரும் ஏவன் என்ற முப்பரிமாணப் பார்வை நிரலில், பிழையின் அளவுக்கு ஏற்ப நிறம் காட்டச் சொல்லலாம். என் சுற்று மற்றதிலிருந்து தனியாகத் தெரிந்தது.

பிறகு ஸ்கெட்சையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்கெட்சில் 11லிருந்து 14 வரை வழி ஏறக்குறைய நேர்கோடு. திரையில் 12க்கும் 13க்கும் நடுவே சுருக்கென்று ஒரு மடிப்பு. அருவிச் சத்தத்தில் "ஒன் செவன் த்ரீ" என்று கத்தியிருக்கிறார்கள், நான் 137 என்று எழுதியிருக்கிறேன். 36 டிகிரி வித்தியாசம், 14.60 மீட்டர் கால். பெருக்கிப் பாருங்கள், 9 மீட்டர் வரும். 173 என்று மாற்றினேன். இடைவெளி 40 சென்டிமீட்டருக்கு வந்தது. எதிர்ப்புறத்திலிருந்தும் ஒரு காம்பஸ் ரீடிங் எடுத்திருந்தால் 180 டிகிரி கூட்டிக் கழித்து அங்கேயே பிடித்திருக்கலாம். தண்ணீர் குளிராக இருந்தது, எடுக்கவில்லை.

அடுத்த சிக்கல், அதற்குள் பாதிப் படம் வரைந்து முடித்திருந்தேன். இங்க்ஸ்கேப்பிலோ ஆட்டோகேடிலோ வரைந்திருந்தால் சுவர், பாறை, குளம் எல்லாவற்றையும் திரும்ப இழுத்து இழுத்துப் பொருத்தியிருக்க வேண்டும். தீரியனை நான் விரும்புவது இதற்காகத்தான். ஸ்லோவாகியாவைச் சேர்ந்த இரண்டு குகைக்காரர்கள் எழுதியது. நீங்கள் வரைகிற கோடுகள் அளவுப் புள்ளிகளோடு கட்டப்பட்டிருக்கும். புள்ளி நகர்ந்தால் சுவரும் கூடவே வளைந்து நகரும். ஒரு எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினேன், ஒரு நிமிஷத்தில் புது பிடிஎஃப் வந்துவிட்டது.

ஆனால் தீரியனைக் கற்றுக்கொள்வது லேசில்லை, இதை மறைக்க விரும்பவில்லை. படத்தைக்கூட முக்கால்வாசி கட்டளை எழுதித்தான் வாங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் நான் வாங்கியதெல்லாம் பிழைச் செய்தி மட்டும்தான். ஐந்து நிமிஷத்தில் நடந்து முடிகிற குகைக்கு இது வேண்டாம். பேப்பரிலேயே வரைந்துவிடுங்கள்.

டோபோட்ராய்டின் முழுப் பலன் டிஸ்டோஎக்ஸ் கருவியோடு சேரும்போதுதான். பீட் ஹீப் என்ற சுவிஸ்காரர் லைக்காவின் லேசர் தூரமானிக்குள் தன் எலக்ட்ரானிக்ஸ் பலகையைப் பொருத்தி உருவாக்கியது. ஒரு பட்டன் அழுத்தினால் தூரம், கோணம், சாய்வு மூன்றும் ப்ளூடூத் வழியாகப் போனுக்கு வந்துவிடும். 173ஐ 137 ஆக்க ஆள் இல்லை. அதற்குப் பதிலாக வேறு தலைவலி: காந்தத்துக்கு அது கூச்சப்படும். 14 திசைகளில், திசைக்கு நாலு முறை உருட்டி, மொத்தம் 56 அளவு எடுத்து முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அளக்கும்போது ஹெட்லைட் பேட்டரி, இரும்பு பக்கிள், பக்கத்தில் ஒட்டி நிற்கும் நண்பரின் காராபினர் (கயிறு மாட்டும் கொக்கி) எதுவும் அருகில் இருக்கக் கூடாது. காம்பஸ் ஒரே பக்கமாக 2 டிகிரி சாய்ந்தால் 500 மீட்டர் நேர்வழியில் கடைசிப் புள்ளி 17 மீட்டர் தள்ளிப் போய்விடும். சுற்று மூடுகிறதா என்று பார்த்தாலும் இது பிடிபடாது, மொத்தச் சுற்றும் சேர்ந்தே திரும்பிவிடும். டிஸ்டோஎக்ஸுக்கு அடிப்படையான எக்ஸ்310 மாடலை லைக்கா நிறுத்திவிட்டது, ஆகவே பழையதைத் தேட வேண்டும். புதிதாக வாங்குவதென்றால் இதே வேலையைச் செய்யும் ப்ரிக் வகைக் கருவிகளைப் பாருங்கள்.

ஐபோனில் இருக்கும் லைடார் (லேசர் ஸ்கேனர்) பற்றி யாராவது கட்டாயம் கேட்பீர்கள். ஐந்து மீட்டர் வரைதான் எட்டும். ஒரு அறையை ஸ்கேன் செய்து காட்ட அருமை. ஆனால் அந்தப் புள்ளிக் கூட்டத்திலிருந்து எது சுவர், எது சேறு, எங்கே குனிய வேண்டும் என்று பிரித்து வரைய இன்னும் மனுஷன்தான் வேண்டும்.

கடைசியாக, பகிர்வது. சர்வெக்ஸ், தீரியன் இரண்டுமே டெக்ஸ்ட் ஃபைல் என்பதால் கிட்ஹப் மாதிரி இடத்தில் வைத்தால் யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பது நிற்கும். என் 137ம் அங்கே இன்னும் இருக்கிறது. ஆனால் நுழைவாயிலின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் பொதுவில் போடாதீர்கள். அமெரிக்காவில் முக்கியமான குகைகளின் இருப்பிடத்தை அரசாங்கம் வெளியிடாமல் வைத்திருக்க 1988லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நமக்கு அப்படி ஒன்று கைவசம் இல்லை, நாமே வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். வௌவால் தூங்குகிற இடத்துக்கு ஸ்பீக்கரோடு ஆட்கள் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

முழு விவரம் போட்ட ஒரே ஒரு பிரிண்டை ஊர்த் தலைவரிடம், அங்கே ரங்பா ஷ்னோங் என்பார்கள், கொடுத்தோம். விழுது, குளம், நான் மெனக்கெட்டு வரைந்த பாறைகள் எதையும் அவர் பார்க்கவில்லை. சாட்டிலைட் படத்தின் மேல் குகை வழியை வைத்திருந்த மூலையில் விரலை வைத்து, இந்த வளைவு யாருடைய பாக்குத் தோப்புக்குக் கீழே போகிறது என்று கேட்டார். போனில் பெரிதாக்கிக் காட்டினேன். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டி வர ஆள் அனுப்பினார்.